ஒரே எண்ணிடம் இரண்டு வேலை

ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள் அலுவலகங்களில் வலம்வரும் காலத்தில், மேலாளராக இருப்பவர்கள் இரண்டு வெவ்வேறு பணிகளை ஒரே தாளில் செய்து முடிக்க முயல்கிறார்கள். தம் குழுவின் வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடைபடுகிறது, வரும் ஆண்டில் எதை மாற்ற வேண்டும் என்று அறிந்துகொள்வது ஒன்று. யாருக்கு எவ்வளவு ஊதிய உயர்வு, யாருக்குப் பதவி உயர்வு, யாரைத் தொடர்ந்து வைத்திருப்பது என்று முடிவெடுப்பது மற்றொன்று. முதல் பணிக்கு ஊழியர் தம் குறைகளையும் தடுமாற்றங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது பணி தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு எந்த அறிவுள்ள ஊழியரும் அப்படிச் சொல்லமாட்டார். பல ஆண்டுகளாக இந்தப் படிவங்களை நிரப்பியும், என்னைப் பற்றிப் பிறர் நிரப்பியவற்றைப் படித்தும் வந்த அனுபவத்தில், செயல்திறன் அளவீட்டில் நேரும் குளறுபடிகளில் பெரும்பகுதி இந்தக் கலப்பிலிருந்தே பிறக்கிறது என்று கருதுகிறேன். கற்றுக்கொள்வதற்காக எடுத்த எண்ணைத் தீர்ப்புக்கும் பயன்படுத்தினால், அதன்பின் அந்த எண்ணிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

இது புதிய சிக்கல் அன்று. பொறியாளர் ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில், கச்சா இரும்புப் பாளங்களைத் தூக்கி ரயில் பெட்டிகளில் ஏற்றும் தொழிலாளர்களை ஆராய்ந்தார். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12.5 டன் ஏற்றுவது அங்கு வழக்கமாக இருந்தது. தூக்கும் முறையையும் ஓய்வெடுக்கும் இடைவெளிகளையும் சீர்ப்படுத்தினால் 47 டன்னுக்கு மேல் ஏற்றலாம் என்றும், அப்படி ஏற்றுபவருக்கு நாள்கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தலாம் என்றும் அவர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் சொன்ன விவரங்கள் எவ்வளவு துல்லியமானவை என்பது குறித்துப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையான ஐயங்களை எழுப்பியுள்ளனர். அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும்கூட, வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, கூலியோ அறுபது விழுக்காடுதான் கூடுகிறது என்ற கணக்கைத் தொழிலாளர்களும் போட்டுப் பார்த்திருப்பார்கள் அல்லவா?

டெய்லரைப் பற்றிப் பேசுபவர்கள் வேலை நேரத்தை அளந்த அவருடைய நிறுத்துக்கடிகாரத்தையே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதியவற்றில் இன்றும் பயன்படக்கூடியது, தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வது ஏன் என்று அவர் அளித்த விளக்கம்தான். அதிகம் செய்து காட்டினால் ஒரு பொருளுக்கான கூலி விகிதத்தை முதலாளி குறைத்துவிடுவார் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆகவே தம்மால் எவ்வளவு முடியும் என்பதை மறைத்து வைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. சோம்பல் என்று மேலிடம் பெயர் சூட்டிய நடத்தைக்குள் தெளிவான கணக்கு ஒன்று இருந்தது. அதை அறிந்திருந்தும், துல்லியமாக அளந்து நியாயமான விகிதத்தை நிர்ணயித்துவிட்டால் இந்த மோதல் தீர்ந்துவிடும் என்று டெய்லர் நம்பினார். அவருடைய நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதை அறிய, அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம்.

சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது என்ற கதையைத்தான் மேலாண்மை வகுப்புகளில் சொல்வார்கள். அந்தக் கதை இப்போது பல கேள்விகளுக்கு உள்ளாகியிருக்கிறது. என் பார்வையில் அந்த வரிசையிலேயே மிகவும் பயனுள்ளது, அதிகம் பேசப்படாத கடைசி ஆய்வு. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் 14 ஆண்களைத் தனி அறையொன்றில் வைத்து, ஒரு பார்வையாளர் அமர்ந்து அவர்கள் வேலை செய்வதைக் குறித்துக்கொண்டே வந்தார். குழுவின் மொத்த உற்பத்தி கூடக்கூட எல்லோருடைய வருமானமும் கூடும் வகையில்தான் ஊதியமுறை அமைந்திருந்தது. பொருளியல் பாடப்படி அவர்கள் ஒருவரையொருவர் விரைவுபடுத்தியிருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத அளவாக இருந்தது. அதைத் தாண்டிச் செய்பவரைக் கேலி செய்தார்கள். கேலி போதாவிட்டால் மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவது அங்கே ஏற்கப்பட்ட வழக்கமாகவே இருந்தது. மிகக் குறைவாகச் செய்பவரும் தப்பவில்லை, ஏனென்றால் அவர் மற்றவர்களின் உழைப்பில் வாழ்பவராகக் கருதப்பட்டார். இவற்றையெல்லாம்விட நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்ப்பது வேறொரு விவரத்தை. தொழிலாளர்கள் கணக்குக் கொடுத்த உற்பத்தி நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பார்வையாளர் நேரில் எண்ணிய உற்பத்தியோ ஏறியும் இறங்கியும் இருந்தது. ஒரு நாள் கூடுதலாகச் செய்ததைச் சேர்த்துவைத்து, குறைந்த நாளின் கணக்கில் காட்டிவந்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அதிகம் செய்தால் விகிதம் குறையும் அல்லது ஆட்குறைப்பு வரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஏற்ற இறக்கம் எங்கே, எதனால் என்பதுதான் வேலையைச் சீர்படுத்த விரும்பும் ஒருவருக்குத் தேவையான தகவல். சரியாக அந்தத் தகவல்தான் அறிக்கையிலிருந்து காணாமல் போயிருந்தது. அலுவலகக் கணினித் திரைகளில் இன்று மாதாமாதம் சமமாக நகரும் கோடுகளைக் காணும்போது எனக்கு அந்த அறையின் நினைவு வருவதுண்டு.

அளக்கும் பொருளை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அவர் ஆராய்ந்த அமெரிக்க வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில், ஊழியர்கள் எத்தனை விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்தார்கள் என்பதே முதலில் அளவுகோலாக இருந்தது. அதனால் நேர்காணல்கள் விரைந்து முடிந்தன. வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கைதான் உயரவில்லை. பிறகு, எத்தனை பேரை வேலையில் அமர்த்தினார்கள் என்பது உள்ளிட்ட பல அளவுகள் கொண்டுவரப்பட்டன. முன்னதைவிட இவை பொருத்தமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்போது ஊழியர்களில் சிலர், தமக்குத் தெரியவந்த காலிப் பணியிடங்களைச் சக ஊழியர்களின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். போட்டி மிகுந்த பிரிவைவிட, ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட பிரிவே மொத்தத்தில் அதிகம் பேரை வேலையில் அமர்த்தியது என்றும், போட்டிப் பிரிவுக்குள் மட்டும் பார்த்தால் ஒளித்துவைத்தவர்களே முன்னணியில் இருந்தார்கள் என்றும் பிளாவ் கண்டார். தனிமனிதரை மட்டும் அளக்கும் எந்த முறைக்கும் இது புலப்படாது. அந்த முறை யாரை முதலிடத்தில் வைத்துப் பாராட்டுகிறதோ, அவரே பிரிவின் மொத்த விளைச்சலைக் குறைத்தவராகவும் இருக்கக்கூடும்.

இதன் பெரிய வடிவத்தை 2016இல் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்குக் குறைந்தது எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கைக் கிளைகள்மீது சுமத்தியிருந்தது. அந்த அழுத்தத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்தி வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் உறவின் ஆழத்தைக் காட்டும் அடையாளமாகத்தான் அந்த எண்ணிக்கை முதலில் கருதப்பட்டது. உறவு ஆழமாக இருக்கும்போது எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. எண்ணிக்கையைக் கூட்டினால் உறவு ஆழமாகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன், ஓர் அளவு இலக்காக மாறியதும் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்ற கருத்தைச் சொல்லிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன கருத்துக்கு, மானுடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராதர்ன் 1997இல் கொடுத்த பொது வடிவம் அது. சரியான கருத்துதான், ஆனால் அதை ஓதிவிட்டு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் மூன்று வெவ்வேறு நடத்தைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்கான மருந்துகளும் வேறுவேறு. பதிவையே பொய்யாக எழுதுவது முதலாவது. பதிவு உண்மையாக இருக்க, வேலையையே எண்ணுக்கு ஏற்றபடி வளைப்பது இரண்டாவது. எண்ணைக் கெடுக்கக்கூடிய கடினமான வேலைகளை வாசலிலேயே தவிர்த்துவிடுவது மூன்றாவது. முதலாவதைத் தணிக்கையால் பிடிக்கலாம். மற்ற இரண்டையும் எந்தத் தணிக்கையாலும் பிடிக்க முடியாது, ஏனென்றால் ஆவணங்களில் ஒரு பிழையும் இருக்காது.

இரண்டாவது வகையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பு நான் பணியாற்றிய நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில், புகார்களை முடித்துவைக்க ஆகும் சராசரி நேரமே முதன்மையான கேபிஐ, அதாவது செயல்திறனைக் காட்டும் முக்கிய அளவு. அந்த நேரம் ஒவ்வொரு காலாண்டிலும் குறைந்துகொண்டே வந்தது, மேலிடமும் மகிழ்ந்தது. உள்ளே என்ன நடந்தது என்றால், முழுமையாகத் தீராத புகாருக்கும் ஒரு பதிலை அனுப்பி டிக்கெட்டை, அதாவது அந்தப் புகாரின் பதிவை, மூடிவிடுவார்கள். வாடிக்கையாளர் திரும்ப எழுதினால் அது புதிய டிக்கெட்டாகப் பதிவாகும். ஒரே சிக்கல் மூன்று முறை விரைவாகத் தீர்க்கப்பட்டதாகக் கணக்கு சொல்லும். யாரும் பொய் எழுதவில்லை. வேர்வரை சென்று ஒரு சிக்கலைத் தீர்ப்பதில் விருப்பமுள்ள ஓர் ஊழியர்தான் அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியில் இருந்தார். மற்றவர்கள் தமக்குப் புரியாத எதையும் அவரிடமே அனுப்பிவந்தார்கள் என்பதை எந்த அறிக்கையும் காட்டவில்லை.

மூன்றாவது வகைக்கு மருத்துவத் துறையில் எடுத்துக்காட்டுகள் உண்டு. இதய அறுவை மருத்துவர்களின் நோயாளிகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விவரத்தைப் பெயருடன் வெளியிடும் வழக்கம் நியூயார்க் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் வந்தது. நோயாளியின் நிலைமைக்கு ஏற்ப அந்த எண்களைத் திருத்திச் சொல்லும் கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும், மிக ஆபத்தான நிலையிலுள்ள நோயாளிகளை ஏற்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள் என்ற கவலை அப்போதிருந்தே தொடர்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், 98 விழுக்காடு நோயாளிகளை நான்கு மணிநேரத்துக்குள் சிகிச்சையளித்து அனுப்பவோ வார்டில் சேர்க்கவோ வேண்டும் என்ற இலக்கு 2000களின் நடுப்பகுதியில் நடைமுறையில் இருந்தது. நான்கு மணிநேரம் நிறைவடைவதற்குச் சற்று முன்னால் திடீரென்று நிறையப் பேர் வெளியேறுவதைத் தரவுகள் காட்டின. அது எண்ணுக்காக நடந்த வேலை என்பது வெளிப்படை. ஆனால் காத்திருப்பு நேரமும் உண்மையிலேயே பெரிதும் குறைந்தது. இலக்கு எதையும் சாதிக்காது என்பவர்களுக்கும், இலக்கு எதையும் சாதிக்கும் என்பவர்களுக்கும் இது ஒருசேரச் சங்கடமான சான்று. எண்ணுக்கு அடிப்படையான வேலை எளிதில் கண்ணுக்குத் தெரிவதாகவும், அதைச் சீர்படுத்தும் வழிகள் நிறுவனத்தின் கையில் இருப்பவையாகவும் அமையும்போது இலக்கு ஓரளவு வேலை செய்கிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

நிறுவனத்தின் கையில் இருப்பது, தனிமனிதரின் கையில் இருப்பது என்ற இந்த வேறுபாடுதான் இந்தத் துறையில் மிக அதிகம் குழப்பப்படுவது. புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் பயிற்சி வகுப்புகளில் நடத்திய சிவப்பு மணிப் பரிசோதனையை இதற்காகவே நான் புதிய மேலாளர்களுக்கு விரிவாகச் சொல்வதுண்டு. ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றில் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தால், குழிக்கு ஒன்றாக ஐம்பது மணிகள் வரும். வெள்ளை மணிதான் வாடிக்கையாளர் கேட்பது, சிவப்பு மணி குறைபாடு. வகுப்பிலிருந்து ஆறு பேரைத் தொழிலாளர்களாக அழைத்து, ஒவ்வொரு சுற்றிலும் தட்டை விட்டு எடுக்கச் சொல்வார். தட்டை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதெல்லாம் கண்டிப்பான விதிகளாக முன்பே சொல்லப்பட்டிருக்கும். குறைவான சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டும் ஊதிய உயர்வும், அதிகம் எடுத்தவருக்கு எச்சரிக்கையும் உண்டு. இறுதியில் மோசமான மூவரை வேலையிலிருந்து நீக்கி, சிறந்த மூவரை வைத்து ஆலையைத் தொடர்வார். பெட்டியிலுள்ள சிவப்பு மணிகளின் விழுக்காடு மாறவே மாறாது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்பதால் ஒரு தட்டில் சராசரியாகப் பத்து சிவப்பு மணிகள் வரும். ஆனால் வெறும் தற்செயலாலேயே இரண்டு முதல் பதினெட்டு வரை வரலாம். ஒருவர் ஐந்தும் மற்றொருவர் பதினைந்தும் எடுத்தால், பின்னவர் முன்னவரைவிட மும்மடங்கு மோசம் என்று அறிக்கை சொல்லும். இருவருக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. அடுத்த சுற்றில் பதினைந்து எடுத்தவர் பெரும்பாலும் முன்பைவிடக் குறைவாகவும், ஐந்து எடுத்தவர் அதிகமாகவும் எடுப்பார்கள். கண்டித்ததால் ஒருவர் திருந்தினார், பாராட்டியதால் மற்றவர் மெத்தனமானார் என்று மேலாளர் முடிவு கட்டிவிடுவார். கண்டிப்பே பலன் தருகிறது என்று உறுதியாக நம்பும் மேலாளர்கள் பலர் அந்த நம்பிக்கையை இப்படித்தான் சம்பாதித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்துடன் பெயர் இணைந்துவிட்ட புள்ளியியலாளர் வால்ட்டர் ஷீவார்ட் 1924இலேயே இதற்குக் கருவி ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டார். ஒரு செயல்முறையின் எண்களைக் காலவரிசையில் குறித்து, தற்செயலான ஏற்ற இறக்கத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கோடுகளாக இட்டால், எல்லைக்குள் ஆடுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை என்றும், எல்லையைத் தாண்டும் புள்ளிக்கே காரணம் தேட வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நூற்றாண்டு கடந்த இந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உற்பத்தி ஆலைகள் பயன்படுத்துகின்றன. அலுவலகங்களிலோ சென்ற மாதத்தைவிட இந்த மாதம் மூன்று விழுக்காடு குறைந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு இன்றும் கூட்டங்கள் நடக்கின்றன. காரணமில்லாத ஒன்றுக்குக் காரணம் எழுதித்தர வேண்டிய ஊழியர், வேறு வழியின்றிக் கற்பனைத் திறனை வளர்த்துக்கொள்கிறார்.

எண்ணே இல்லாத வேலைகளில் மேலாளரின் மதிப்பெண்தான் அளவுகோல். அதன் நம்பகத்தன்மை குறித்த ஐயமும் பழையது. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல், அதிகாரிகள் தம் கீழுள்ள ராணுவத்தினருக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியே அளித்த மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சுட்டிக்காட்டினார். ஒருவரைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் எல்லாக் கட்டங்களிலும் ஒழுகி நிரம்பிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களைப் பகுத்துப் பார்த்தபோது, அவற்றில் காணும் வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மதிப்பெண் அளித்தவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தது. ஆக, அப்ரைசல் படிவம் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரைவிட எழுதியவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இந்தக் கோணலைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்ததுதான் கட்டாயப் பங்கீடு, அதாவது அலுவலகங்களில் பெல் கர்வ் என்று சொல்லப்படுவது. ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஊழியர்களை மேல்நிலையினர் 20, நடுநிலையினர் 70, கடைநிலையினர் 10 என்று விழுக்காடு பிரித்து இதைப் பிரபலமாக்கியது. மொத்த ஊழியர்களில் பத்து விழுக்காட்டினர் உண்மையிலேயே பின்தங்கியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மொத்த ஊழியர்களிலிருந்து தற்செயலாக அமைந்த பத்துப்பேர் குழு ஒன்றில் அப்படிப் பின்தங்கியவர் ஒருவர்கூட இல்லாமலிருக்க 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருவரோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. சரியாக ஒருவர் இருப்பது பத்தில் நான்கு குழுக்களில்கூட இல்லை. எல்லாக் குழுக்களிடமும் குழுவுக்கு ஒருவரைக் கேட்கும் விதி, பெரும்பாலான இடங்களில் தவறான எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. நல்லவர்கள் நிறைந்த குழுவில் சேர யாரும் விரும்பாத நிலையும் இதிலிருந்தே வருகிறது. மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய ஆண்டே வருடாந்தர மதிப்பீட்டை நிறுத்தியிருந்தது.

இவ்வளவும் சொன்னபிறகு, அளவீட்டையே ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்களுடன் நல்லுறவில் இருப்பவர்கள். எழுதிவைத்த அளவுகோல் இல்லாத இடத்தில், மேலாளரின் அறைக்கு அடிக்கடி சென்று வருபவரும், கூட்டத்தில் உரத்துப் பேசுபவரும், மேலாளரைப் போன்ற பின்னணி உடையவரும் முன்னேறுகிறார்கள். அமைதியாக வேலையை முடித்துக் கொடுப்பவருக்கு, எவ்வளவு குறைபாடு உள்ளதாக இருந்தாலும், எண் ஒன்று சாட்சியாக நிற்கிறது. ஆகவே தீர்ப்பு இல்லாத பணியிடம் என்ற கற்பனையில் எனக்கு ஆர்வமில்லை. தீர்ப்புக்கான சான்றையும் கற்றலுக்கான தரவையும் வேறுவேறு பாதைகளில் அனுப்புவது எப்படி என்பதே என் கேள்வி.

கற்றலுக்கான எண்களைக் குழுவே தேர்ந்தெடுத்து, குழுவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முதல் நிலைப்பாடு. அவை மேலே செல்லும்போது தனிப்பெயர்கள் இல்லாமல் செல்ல வேண்டும். கணினிச் சில்லு நிறுவனமான இன்டெலின் ஆண்டி குரோவ் 1983இல் சொன்ன ஆலோசனை ஒன்றும் இங்கே உதவும்: ஓர் எண்ணைக் கவனித்தால், அதைக் கூட்டுவதால் எது கெடக்கூடுமோ அதன் எண்ணையும் இணையாகக் கவனிக்க வேண்டும். நான் சொன்ன உதவிப் பிரிவில், முடிக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே அதே வாடிக்கையாளர் மீண்டும் எழுதிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கையும் இருந்திருந்தால், முதல் காலாண்டிலேயே உண்மை தெரிந்திருக்கும்.

ஊதியம் தொடர்பான முடிவுக்கு வேறு வகை ஒழுங்கு வேண்டும். பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம், பால் மில்க்ரோம் ஆகிய பொருளியலாளர்கள் 1991இல் நிறுவிய கருத்துப்படி, ஒருவரின் வேலையில் அளக்கக்கூடிய பகுதியும் அளக்க முடியாத பகுதியும் கலந்திருக்கும்போது, அளக்கக்கூடியதற்கு வலுவான ஊக்கத்தொகை கொடுத்தால் உழைப்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அத்தகைய வேலைகளுக்கு நிலையான சம்பளமே மேலானதாக இருக்கக்கூடும். அலுவலக வேலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எனவே பெரும்பான்மையோருக்குப் பொறுப்பையும் அனுபவத்தையும் ஒட்டிய ஒரே சீரான உயர்வும், தெளிவாக மேலோங்கியோ பின்தங்கியோ இருக்கும் சிலருக்கு மட்டும் தனி முடிவும் போதும் என்பேன். அந்தத் தனி முடிவு மனிதத் தீர்ப்பு என்பதை ஒப்புக்கொண்டு, எந்த வேலை, எந்தச் சூழல், எந்த விளைவு என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதி, அதே வேலையை அறிந்த இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்ட பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். 3.7 என்ற மதிப்பெண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் வசதி மேலாளருக்கு அப்போது கிடைக்காது. இதற்கு நேரம் பிடிக்கும் என்று ஹெச்.ஆர். துறையினர் சொல்வார்கள். எல்லோருக்கும் இருபது கட்டங்களை நிரப்புவதற்கும் நேரம் பிடிக்கத்தான் செய்கிறது.

பின்னூட்டம் பற்றி ஒன்று. அடிக்கடி சொல்வதே நல்லது என்று இப்போது பரவலாக நம்பப்படுகிறது. க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியில் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஊதிய உயர்வுச் செய்தியைச் சொல்லும் கூட்டத்திலேயே வேலையைப் பற்றியும் பேசினால், கேட்பவரின் மனம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு உரையாடல்களுக்கும் இடையே சில மாதங்களாவது இருக்கட்டும்.

கடைசியாக, அளவுகோல்களைச் சேர்க்கும் ஆர்வம் நிறுவனங்களுக்கு உண்டு, நீக்கும் பழக்கம் இல்லை. ஏதோ ஒரு நெருக்கடியின்போது கேட்கப்பட்ட அறிக்கை, நெருக்கடி தீர்ந்தும், கேட்டவர் ஓய்வு பெற்றும்கூட ஒவ்வொரு வாரமும் தயாராகிக்கொண்டிருக்கும். புதிதாக ஓர் அளவைத் தொடங்கும்போதே, இதை வைத்து எந்த முடிவை எடுக்கப் போகிறோம், எந்தத் தேதிவரை இது நீடிக்கும் என்ற இரண்டையும் எழுதிவைக்கச் சொல்கிறேன். பழைய அறிக்கைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு: முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு மாதம் அனுப்பாமல் விட்டுப்பாருங்கள். யாராவது கேட்டால், எதற்காகக் கேட்டார் என்பதைக் குறித்துக்கொண்டு அந்தத் தேவைக்குரிய வரிகளை மட்டும் மீண்டும் அனுப்பலாம். யாருமே கேட்காவிட்டால், அதைத் தயாரித்துவந்தவருக்கு வாரத்தில் அரை நாள் மீதமாகும்.